புகைச் சோதனையில் தேறாத பழைய பெட்ரோல் கார்: குறையைக் கண்டறியும் முறை

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் வட்டாரங்களில் இருபது ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் கார்கள் இன்றைக்கும் தோட்டத்துக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. மாருதி 800, ஆம்னி, ஜென், சான்ட்ரோ, எங்கோ ஒரு வீட்டுக் கொட்டகையில் துணி போர்த்தி நிற்கும் பிரீமியர் பத்மினி என்று அந்த வரிசை நீளும். இவ்வண்டிகள் புகைச் சோதனையில் தேறாமல் போகும்போது பட்டறைகளில் வழக்கமாக நடப்பது இரண்டில் ஒன்று. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் உள்ள வண்டியாக இருந்தால், அந்தக் கலவையை மாற்றும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் திருகி அளவைக் கீழிறக்கிச் சான்று வாங்கிவிட்டு, வெளியே வந்ததும் பழைய நிலைக்கே திருகிவிடுவார்கள். கணினி கட்டுப்பாட்டில் இன்ஜெக்டர்கள் பெட்ரோல் தெளிக்கும் எம்பிஎஃப்ஐ வண்டியாக இருந்தால், புகையில் மீந்த ஆக்சிஜனைப் பார்க்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்வார்கள். அது போதாவிட்டால் சைலன்சர் வழியில் புகையைத் தூய்மையாக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை மாற்றச் சொல்வார்கள். முதலாவதில் குறை அப்படியே இருக்கிறது. இரண்டாவதில் பணமும் போய், பல நேரங்களில் குறையும் அப்படியே இருக்கிறது. சோதனைச் சீட்டில் அச்சாகும் எண்களை ஒன்றோடொன்று சேர்த்துப் படித்தாலே குறை எரிபொருள் பக்கமா, தீப்பொறி பக்கமா, காற்றுக் கசிவா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆகவே ஸ்பானரை எடுப்பதற்கு முன் அந்தச் சீட்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

சீட்டைப் படித்தல்

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 115ஆம் விதி, ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கும் ஹைட்ரோகார்பனுக்கும் வரம்பு வைத்திருக்கிறது. பாரத் ஸ்டேஜ் என்ற புகை விதிகளின் 2ஆம் கட்டத்துக்கு முந்தைய கார்களுக்கு அவ்வரம்பு முறையே 3 விழுக்காடும் 1500 பிபிஎம்மும் (பத்து லட்சத்தில் 1500 பங்கு) ஆகும். ஸ்டேஜ் 2, ஸ்டேஜ் 3 கார்களுக்கு 0.5 விழுக்காடு, 750 பிபிஎம். ஸ்டேஜ் 4 கார்களுக்கு 0.3 விழுக்காடு, 200 பிபிஎம். ஸ்டேஜ் 4 முதல் 2500 ஆர்பிஎம் வேகத்திலும் சோதனை உண்டு. அங்கே கார்பன் மோனாக்சைடு 0.2 விழுக்காட்டுக்குள்ளும், லாம்ப்டா என்ற காற்று–எரிபொருள் விகித எண் (மிகச் சரியான கலவைக்கு 1) 0.97-க்கும் 1.03-க்கும் இடையிலும் இருக்க வேண்டும். ஸ்டேஜ் 2 நாடு முழுவதற்கும் 2005-இலும், ஸ்டேஜ் 3 2010-இலும், ஸ்டேஜ் 4 2017-இலும் நடைமுறைக்கு வந்தன. பெருநகரங்களுக்கு இவை முன்னதாகவே வந்துவிட்டதால், சென்னையிலிருந்து வாங்கி வந்த பழைய காரும் அதே ஆண்டில் கோவையில் பதிவான காரும் வேறு வேறு வரம்புக்குள் வரக்கூடும். தவறான ஸ்டேஜைக் கணினியில் தட்டியதால் தேறாமல் போன வண்டிகளும் உண்டு என்பதால், பதிவுச் சான்றைப் பார்த்து இதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சோதனைக் கருவி நான்கு வாயுக்களை அளக்கிறது. சீட்டில் இரண்டு மட்டுமே அச்சாகியிருந்தால், மற்ற இரண்டையும் திரையில் பார்த்துக் குறித்துத் தருமாறு மையத்தில் கேட்கலாம். கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். கார்பன் மோனாக்சைடு என்பது எரிவதற்குப் போதிய காற்று கிடைக்காத பெட்ரோலின் அடையாளம். அது ஏறினால், பட்டறை வழக்கில் சொல்வதுபோல், கலவை ‘ரிச்’ ஆக, அதாவது பெட்ரோல் மிகுந்து, இருக்கிறது. ஹைட்ரோகார்பன் என்பது எரியாமலேயே வெளியேறிய பெட்ரோல். கலவை மிகவும் ரிச் ஆனாலும் அது ஏறும், மிகவும் லீன் ஆகி, அதாவது காற்று மிகுந்து, தீப்பற்றாமல் போனாலும் ஏறும், பிளக் அடிக்காவிட்டாலும் ஏறும். கார்பன் டையாக்சைடு நன்றாக எரிந்ததற்கான மதிப்பெண். ஆரோக்கியமான எஞ்சினில் 13 முதல் 15 விழுக்காடு வரை இருக்கும். மீதமிருக்கும் ஆக்சிஜன்தான் இந்த நான்கில் பலரும் பார்க்காமல் விடுவது. என் கணக்கில் அதிகம் சொல்வதும் அதுதான்.

கார்பன் மோனாக்சைடு மிகுந்து, ஆக்சிஜன் ஏறத்தாழ இல்லாமல் இருந்தால் கலவை ரிச் என்பதில் ஐயமில்லை. ஏர் ஃபில்டர், சோக் (குளிர்ந்த எஞ்சினுக்குக் காற்றைக் குறைக்கும் தகடு), ஃப்ளோட் (கார்புரேட்டரில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை), எரிபொருள் அழுத்தம், வெப்பச் சென்சார் ஆகியவற்றின் பக்கம் போக வேண்டும். கார்பன் மோனாக்சைடு குறைவாகவும், ஹைட்ரோகார்பன் ஆயிரக்கணக்கிலும், ஆக்சிஜன் மிகுதியாகவும் வந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் அடிக்கிறது, அதாவது தீப்பற்றாமல் விடுகிறது. அது பிளக் பக்கமாகவும் இருக்கலாம், வேக்குவம் கசிவால், அதாவது எஞ்சின் உறிஞ்சும் வழியில் வெளிக்காற்று புகுவதால், கலவை நீர்த்துப்போனதாகவும் இருக்கலாம். இந்த நிலையில் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் தொடுவது வீண். ஆக்சிஜன் மட்டும் மிகுந்து, ஹைட்ரோகார்பன் சாதாரணமாக இருந்து, கார்பன் மோனாக்சைடையும் கார்பன் டையாக்சைடையும் கூட்டினால் 15-க்கு வெகுவாகக் குறைந்தால், எஞ்சினைக் குறை சொல்லக் கூடாது. சைலன்சர் எங்கோ துளை விட்டிருக்கிறது, அல்லது அளவுக் குழாய் போதிய ஆழத்துக்குச் செருகப்படவில்லை. குறைந்தது 30 செ.மீ. உள்ளே போக வேண்டிய அக்குழாயை முனையில் தொங்கவிட்டு அளக்கும் வழக்கம் ஆங்காங்கே உண்டு. சில நேரம் அதனால் தேறாத வண்டியும் தேறிவிடுகிறது என்பது வேறு கதை.

ஐட்லிங்கிலும் 2500 ஆர்பிஎம்மிலும் அளவைத் தனித்தனியாக எடுத்து ஒப்பிட்டால் வட்டம் இன்னும் சுருங்கும். ஐட்லிங்கில் ஹைட்ரோகார்பன் ஏறி, வேகம் கூட்டியதும் இறங்கினால் வேக்குவம் கசிவு அல்லது ஐட்லிங் வழிக் குறை. இரண்டு நிலையிலும் கார்பன் மோனாக்சைடு ஒரேபோல் ஏறி நின்றால் ஃப்ளோட் மட்டம் அல்லது எரிபொருள் அழுத்தம். ஐட்லிங்கில் சரியாக இருந்து, வேகத்தில் மட்டும் ஏறினால் அடைத்த ஏர் ஃபில்டரையோ, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையான மெயின் ஜெட் பெரிதாகிவிட்டதையோ சந்தேகிக்கலாம்.

சூடு ஏறாத எஞ்சின்

எண்களைப் படித்த பின் பார்க்க வேண்டிய முதல் உறுப்பு, எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட். இதை இவ்வளவு முன்னால் வைப்பதற்கு நம் வட்டாரப் பழக்கமே காரணம். ஒருமுறை ரேடியேட்டர் கொதித்த பழைய வண்டி பட்டறைக்கு வந்தால், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிட்டு, “நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்குங்கண்ணா?” என்று கேட்டுக்கொண்டே மூடியை மாட்டிவிடுவது இங்கே சர்வசாதாரணம். கொதிப்பது நின்றுவிடும், உரிமையாளரும் மகிழ்ச்சியாகப் போய்விடுவார். ஆனால் எஞ்சின் தண்ணீர் 80 டிகிரிக்கு மேல் ஏறிச் சீராக நிற்க வேண்டிய இடத்தில், ஓடும் காற்றில் 50, 60 டிகிரியிலேயே தங்கிவிடும். எம்பிஎஃப்ஐ வண்டியின் இசியு என்ற கட்டுப்பாட்டுக் கணினி, எஞ்சின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று நம்பி, காலை ஸ்டார்ட்டிங்குக்குத் தரும் கூடுதல் பெட்ரோலை நாள் முழுவதும் தந்துகொண்டிருக்கும். கார்புரேட்டர் வண்டியிலும் கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டு குளிர்ந்திருப்பதால் பெட்ரோல் ஆவியாகாமல் துளிகளாகவே உள்ளே போய்ப் பாதி எரிந்து வெளிவரும். மைலேஜும் குறையும், எஞ்சின் ஆயிலில் பெட்ரோலும் கலக்கும்.

கண்டறிய எந்தக் கருவியும் வேண்டியதில்லை. இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸின் மீது, ஃபேன் பெல்ட்டுக்கு எட்டாமல், கையை வைத்துப் பார்க்க வேண்டும். தெர்மோஸ்டாட் ஒழுங்காக இருந்தால் ஹோஸ் சில நிமிடங்கள் வரை குளிர்ச்சியாகவே இருந்து, பின்னர் ஒரேயடியாகச் சூடேறும். முதல் நிமிடத்திலிருந்தே சிறுகச் சிறுக வெதுவெதுப்பு ஏறினால் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது அல்லது உள்ளே இல்லவே இல்லை. சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் விடிகாலையில் ஓட்டும்போது வெப்ப முள் கீழே இறங்கி, ஊருக்குள் நெரிசலில் மேலே ஏறுவதும் இதே குறையைத்தான் சொல்கிறது. சூடான நிலையில் ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்கக் கூடாது.

தெர்மோஸ்டாட் சரியாக இருந்தும் கலவை ரிச் என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது தண்ணீரின் வெப்பத்தை இசியுவுக்குச் சொல்லும் சென்சார். பெரும்பாலான வண்டிகளில் இதன் மின்தடை 20 டிகிரியில் இரண்டு மூன்று கிலோ ஓம் அளவிலும், 80 டிகிரியில் சில நூறு ஓம் அளவிலும் இருக்கும். எஞ்சின் நன்கு சூடான பிறகும் மல்டிமீட்டரில் ஆயிரத்துக்கு மேல் காட்டினால் சென்சாரையோ அதன் கனெக்டரில் படிந்த பச்சை உப்பையோ குற்றம் சொல்லலாம். டாஷ்போர்டு முள்ளுக்குப் பல வண்டிகளில் தனிச் சென்சார் இருப்பதால், முள் சரியாகக் காட்டுகிறது என்பதை வைத்து இதைச் சரி என்று முடிவு செய்ய முடியாது.

காற்று வழி

ஏர் ஃபில்டரைப் பற்றிப் பொதுவாக எல்லோருக்கும் தெரியும். ஆனால் கையேட்டில் போட்ட கிலோமீட்டர் கணக்கு கொங்கு நாட்டின் பல இடங்களுக்குப் பொருந்தாது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னை நார் ஆலைகளை ஒட்டி ஓடும் வண்டியின் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால், மடிப்பு ஒவ்வொன்றிலும் காப்பிப் பொடி நிறத்தில் நார்க்கழிவு அடைந்து, விரலால் தட்டினால் பாளமாக உதிரும். திருப்பூரிலும் பல்லடத்திலும் பஞ்சுத் தூசி மெல்லிய கம்பளிபோல் மேல்பரப்பில் படிந்திருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் ஃபில்டர் சற்றே நரைத்ததுபோல் தெரியுமே தவிர அடைத்ததாகத் தெரியாது. கார்புரேட்டர் வண்டியில் இது நேராகக் கலவையை ரிச் ஆக்கும். எம்பிஎஃப்ஐ வண்டியில் காற்றின் அளவுக்கேற்ப பெட்ரோலும் குறைவதால் பிக்கப்தான் முதலில் அடிபடும். சோதனைக்கு முன் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒருமுறை அளந்து பார்த்தால் விடை உடனே கிடைக்கும். ஃபில்டர் இல்லாமல் சாலையில் ஓட்டுவது மட்டும் பிஸ்டன் ரிங்குக்குக் கேடு.

அதே பெட்டியைத் திறந்திருக்கும்போது சோக் தகட்டையும் பார்த்துவிடலாம். எஞ்சின் சூடான பிறகு அது நேர்க்குத்தாக முழுவதும் திறந்திருக்க வேண்டும். கேபிள் இறுகியோ, தானியங்கிச் சோக்கின் கம்பி சிக்கியோ கால்வாசி மூடியிருந்தாலே கார்பன் மோனாக்சைடு வரம்பைத் தாண்டிவிடும்.

ஆயிலிலிருந்து வரும் ரிச் கலவை பலருக்கும் தெரியாத ஒன்று. அருகிலேயே அடிக்கடி ஓட்டி நிறுத்தும் வண்டியில், சிலிண்டர் சுவர் வழியாகப் பெட்ரோல் கசிந்து ஆயிலில் கலக்கிறது. எஞ்சின் சூடானதும் அது ஆவியாகி, எஞ்சின் அடிப்பகுதி ஆவியை மறுபடி எரிக்க அனுப்பும் பிசிவி வால்வின் ஹோஸ் வழியாக மீண்டும் மேனிஃபோல்டுக்குள் போகிறது. ஆயில் அளவுக் கம்பியை உருவி முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கும்; மட்டம் ஏறியும் இருக்கலாம். கருவி மாட்டிய நிலையில் பிசிவி ஹோஸைக் கழற்றி, மேனிஃபோல்டு பக்கத் துளையை விரலால் அடைத்துப் பார்க்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு நன்றாகச் சரிந்தால் செய்ய வேண்டியது ஆயில் மாற்றம் மட்டுமே. இதே முறையில், பெட்ரோல் ஆவியைச் சேமிக்கும் கரிப்பெட்டியிலிருந்து வரும் ஹோஸையும் இடுக்கியால் மெல்ல அழுத்திப் பிடித்துப் பார்க்கலாம். டேங்கைக் கழுத்துவரை நிரப்பும் பழக்கமுள்ளவர்களின் வண்டிகளில் அந்தப் பெட்டி பெட்ரோலில் ஊறிப் போயிருப்பது உண்டு.

வேக்குவம் கசிவு இதற்கு நேர் எதிரானது. அது கலவையை நீர்க்கச் செய்யும். வயதான ரப்பர் ஹோஸ்கள் முனையில் வெடித்திருக்கும். பிரேக் பூஸ்டர் ஹோஸ், டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் டயஃப்ரம், கார்புரேட்டர் அடிப் பேக்கிங் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். எரியக்கூடிய ஸ்பிரேயைச் சூடான எஞ்சின் மேல் அடிப்பதைக் காட்டிலும், ஒவ்வொரு ஹோஸாக அழுத்திப் பிடித்தும், பேக்கிங் ஓரங்களில் சிறிது தண்ணீரைத் தெளித்தும் ஐட்லிங் மாறுகிறதா என்று கவனிப்பது பாதுகாப்பானது. மேனிஃபோல்டு அழுத்தச் சென்சாருக்குப் போகும் மெல்லிய ஹோஸ் மட்டும் விதிவிலக்கு: அது வெடித்தால், எஞ்சின் பெரும் பளுவில் ஓடுவதாக இசியு எண்ணிக்கொண்டு கலவையை ரிச் ஆக்கும்.

தீப்பொறி

பிளக்குகளைக் கழற்றிச் சிலிண்டர் வரிசைப்படி ஒரு பலகையில் வைத்தால் பாதிக் கதை தெரிந்துவிடும். பழுப்பு நிறம் நலம். உலர்ந்த கரிப்பொடி ரிச் கலவை. ஈரமான கருமை ஆயில் ஏறுவது. வெளுத்து வறண்டிருந்தால் லீன். எல்லாப் பிளக்கும் ஒரே நிறமாக இருந்தால் குறை பொதுவானது. ஒன்று மட்டும் மாறியிருந்தால் அந்தச் சிலிண்டரோடு தேடலை நிறுத்திக்கொள்ளலாம். இடைவெளியைக் கையேட்டின்படி வைக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்ட் உள்ள பழைய வண்டிகளில் பாயிண்ட் இடைவெளி பொதுவாக 0.4 முதல் 0.5 மி.மீ. வரை இருக்கும், அது மாறினால் பொறி விழும் நேரமான டைமிங்கும் கூடவே மாறிவிடும். டைமிங்கை அளவுக்கு மேல் முன்னே தள்ளி வைத்தால் பிக்கப் கூடியதுபோல் தோன்றும், ஹைட்ரோகார்பனும் கூடும்.

பிளக்குகளுக்கு உயர் மின்னழுத்தம் கொண்டுபோகும் ஹைடென்ஷன் வயர்களைச் சோதிக்க இருட்டு உதவும். மாலை இருட்டிய பிறகு எஞ்சினை ஓடவிட்டு, கையை உள்ளே விடாமல் தள்ளி நின்று, வயர்கள் மேல் புகைபோல் மெல்லிய தண்ணீர்த் தூவல் படச் செய்தால், கசியும் இடத்தில் நீலப் பொறி ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ‘டிக், டிக்’ என்ற ஓசையும் கேட்கும். ஒரு சிலிண்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க ஓடும் எஞ்சினில் பிளக் வயரை உருவும் பழைய முறையை, கன்வர்ட்டர் உள்ள வண்டிகளில் கைவிட வேண்டும். எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்து, உள்ளிருக்கும் பீங்கான் தேன்கூட்டை உருக்கிவிடும். அத்தகைய வண்டிகளில் இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றிப் பார்ப்பதே முறை.

ஆக்சிஜன் சென்சார் தேவையில்லாமல் மாற்றப்படுவதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. ஒரு பிளக் அடிக்கவில்லை என்றால் அந்தச் சிலிண்டரின் பெட்ரோலோடு ஆக்சிஜனும் எரியாமல் சைலன்சருக்குள் போகிறது. சென்சார் பெட்ரோலைப் பார்ப்பதில்லை, ஆக்சிஜனை மட்டுமே பார்க்கிறது. எனவே கலவை லீன் என்று சொல்கிறது. இசியு அதை நம்பி மற்ற சிலிண்டர்களுக்கும் கூடுதல் பெட்ரோல் தருகிறது. முடிவில் சீட்டில் ஹைட்ரோகார்பன், கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜன் மூன்றும் ஏறி நிற்கும். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விரிசல் இருந்து வெளிக்காற்று உறிஞ்சப்பட்டாலும் இதே ஏமாற்றம் நடக்கும். இந்த நிலையில் புதுச் சென்சார் போட்டால் அதுவும் அதே பொய்யைத்தான் சொல்லும். ஒரு பிளக் வயரின் விலையில் முடிய வேண்டியது ஆயிரங்களில் போய் நிற்கும். சென்சாரையே சோதிக்க வேண்டுமானால், மிஸ்ஸிங்கும் கசிவும் இல்லை என்று உறுதியான பிறகு, சூடான எஞ்சினை 2500 ஆர்பிஎம்மில் வைத்து அதன் மின்னழுத்தத்தைப் பார்க்க வேண்டும். நல்ல சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையில் பத்து நொடிக்குள் பலமுறை ஏறி இறங்கும். சோம்பலாக அசைந்தாலோ ஒரே இடத்தில் நின்றாலோ மாற்றலாம்.

பெட்ரோல்

கார்புரேட்டரில் முதலில் ஃப்ளோட். பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே குலுக்கினால் உள்ளே பெட்ரோல் தளும்பும் ஓசை கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். கேட்டால் அதில் துளை விழுந்து மூழ்கிக் கிடக்கிறது. நீடில் வால்வின் கூம்பில் வளையமாகத் தேய்மானம் தெரிந்தால் மாற்ற வேண்டும். ஜெட்டுகளைக் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்வது பழைய பழக்கம். மென்மையான பித்தளைத் துளை அதனால் அகன்றுவிடும். பிறகு எந்த ஸ்க்ரூவும் அதை ஈடுகட்டாது. கிளீனரும் காற்றும் போதும். இவையெல்லாம் முடிந்த பிறகுதான் மிக்ஸ்சர் ஸ்க்ரூ. எஞ்சின் சூடான நிலையில், ஸ்க்ரூவை மெல்ல உள்ளே தட்டும்வரை திருகி எத்தனை சுற்று என்று எழுதிக்கொண்டு, பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஐட்லிங் அதிகபட்சமாகும் இடத்தைத் தேட வேண்டும். அந்த இடத்திலிருந்து வேகம் சற்றே குறையத் தொடங்கும்வரை லீன் பக்கம் திருப்பி, த்ராட்டில் ஸ்க்ரூவால் ஐட்லிங்கைச் சரிசெய்ய வேண்டும். நல்ல நிலையில் உள்ள கார்புரேட்டர் எஞ்சின் 1 முதல் 2 விழுக்காட்டுக் கார்பன் மோனாக்சைடில் அமைதியாக ஓடும். 3 என்ற சட்ட வரம்பை ஒட்டி வைக்க வேண்டிய தேவையே இல்லை.

இப்போதைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருப்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கலப்பில்லாத பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இந்தக் கலவைக்குச் சுமார் 13.5 கிலோ போதும். பழைய அளவில் வைத்த கார்புரேட்டர் இதனால் 8 விழுக்காடு அளவுக்கு லீன் ஆகிவிடுகிறது. கார்பன் மோனாக்சைடு தானாகவே இறங்கியிருக்கும், ஆனால் ஐட்லிங்கில் மிஸ்ஸிங் அடித்து ஹைட்ரோகார்பன் ஏறியிருக்கும். இவ்வகையில் ஸ்க்ரூவைச் சிறிது ரிச் பக்கம் திருப்புவதே சரியான வைத்தியம். பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயஃப்ரம் போன்றவற்றை எத்தனால் கெடுக்கக்கூடும் என்பதால் ஈரக்கசிவு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எம்பிஎஃப்ஐ வண்டியில் ஸ்கேனர் மாட்டும்போது ஃப்யூயல் ட்ரிம் (இசியு பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ தரும் அளவு) சில விழுக்காடு கூட்டல் பக்கம் நின்றால் இந்த எத்தனாலே காரணமாக இருக்கலாம். அதைக் குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரிய கழித்தல் எண் வந்தால்தான் எங்கிருந்தோ கூடுதல் பெட்ரோல் வருகிறது என்று பொருள்.

அந்தக் கூடுதல் பெட்ரோலுக்கு மிக எளிய சோதனை ஒன்று உண்டு. எரிபொருள் அழுத்த ரெகுலேட்டர் ஃப்யூயல் ரயிலிலேயே இருக்கும் வண்டிகளில், அதிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் வேக்குவம் ஹோஸைக் கழற்றி முனையைப் பார்க்க வேண்டும். உள்ளே ஈரமும் பெட்ரோல் வாடையும் இருந்தால் ரெகுலேட்டரின் டயஃப்ரம் கிழிந்துவிட்டது. பெட்ரோல் அளவீடு எதுவுமின்றி நேராக எஞ்சினுக்குள் போகிறது. ஹோஸ் உலர்ந்திருந்தால், கேஜ் மாட்டி, எஞ்சினை நிறுத்திய பின் அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்கலாம். உடனே சரிந்தால் இன்ஜெக்டர் சொட்டுவதையும் ஆராய வேண்டும். கேஸ் கிட் பொருத்திய வண்டியாக இருந்தால் பெட்ரோலிலும் கேஸிலும் தனித்தனியே அளந்து, எதில் குறை என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

எஞ்சினும் கன்வர்ட்டரும்

மேற்சொன்னவை எல்லாம் சரியாக இருந்தும் ஹைட்ரோகார்பன் இறங்காவிட்டால் வால்வுகளின் டேப்பெட் இடைவெளியைப் பார்த்து, சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தமான கம்ப்ரஷனை அளக்க வேண்டும். இடைவெளி இல்லாமல் இறுகிய எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாமல் கருகிப் போவது வழக்கம். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட வெகுவாகக் குறைந்தால், அதில் சிறிது ஆயில் விட்டு மறுபடி அளக்கலாம். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

கன்வர்ட்டரைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அது பெரும்பாலும் தானாகக் கெடுவதில்லை என்பதே. ரிச் கலவையோ, மிஸ்ஸிங்கோ, ஆயில் எரிவதோ அதைக் கெடுக்கிறது. அந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் புதிதாகப் போட்டால் அதுவும் அதே வழியில் போகும். எஞ்சின் குளிர்ந்த நிலையில் ரப்பர்ச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் உள்ளே கலகலவென்று ஓசை வருகிறதா என்று பார்க்கலாம். வந்தால் தேன்கூடு உடைந்திருக்கிறது. வண்டி வேகம் எடுக்காமல் மூச்சுத் திணறினால், ஆக்சிஜன் சென்சார் துளையில் கேஜ் மாட்டி 2500 ஆர்பிஎம்மில் பின்னழுத்தம் அளக்கலாம். 3 பிஎஸ்ஐக்கு மேல் ஏறினால் அடைப்பு உறுதி. பழைய வண்டி வாங்கியவர்கள் அந்தப் பெட்டிக்குள் ஏதாவது இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவற்றின் விலைக்காக உள்ளீட்டை எடுத்துவிட்டு வெறும் கூட்டை மட்டும் திரும்ப வெல்டிங் செய்து வைக்கும் ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு.

மலைக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு ஒரு செய்தி. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறுவதற்குள் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. கீழே சரியாக டியூன் செய்த கார்புரேட்டர் மேலே ரிச் ஆகவே ஓடும்; உதகையில் டியூன் செய்த வண்டி கோவைக்கு இறங்கினால் லீன் ஆகும். ஆகவே வண்டி எந்த உயரத்தில் அதிகம் ஓடுகிறதோ அங்கேயே அளவை வைக்க வேண்டும். ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் இதே கணக்குதான், அளவு சற்றுக் குறைவு.

வேலை செய்யும்போது எஞ்சினை மூடிய கொட்டகைக்குள் ஓடவிடக் கூடாது; கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கன்வர்ட்டர் உள்ள வண்டியைச் சூடாகக் கொண்டுவந்து காய்ந்த கரும்புத் தோகையின் மேலோ தென்னஞ்சருகின் மேலோ நிறுத்துவதும் ஆபத்து.

மறு சோதனைக்குப் போகும்போது வண்டியைப் பதினைந்து இருபது நிமிடமாவது சாலையில் ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு போக வேண்டும். கன்வர்ட்டர் 250, 300 டிகிரிக்கு மேல்தான் வேலை செய்யத் தொடங்குகிறது. வரிசையில் வெகுநேரம் ஐட்லிங்கில் நின்றால் அது ஆறிவிடும். முறை வருவதற்குச் சற்று முன் 2500 ஆர்பிஎம்மில் இரண்டு மூன்று நிமிடம் பிடித்துவிட்டு அளக்கச் சொல்லலாம். ஏசி, ஹெட்லைட் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். கிடைத்த நான்கு எண்களையும் சான்றின் பின்புறத்தில் எழுதிவைத்து, அடுத்த முறை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கவும். சான்று கிடைத்த போதிலும் ஹைட்ரோகார்பன் மட்டும் ஏறியிருந்தால் அந்த வாரமே பிளக்குகளைக் கழற்றிப் பார்த்துவிட வேண்டும்.